பூனைக்கு ஒரு பொட்டு வையுங்கோ

குசினிக் கதவின் அடியில் பூனை போய்வர ஒரு சின்னக் கதவு வெட்டுவம் என்று உங்கள் வீட்டில் ஒருக்காச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு இராச்சாப்பாடு முடியும்வரை வேறு கதை இராது. அப்பா "பாம்பு வரும்" என்பார். அம்மா "கள்ளன் கையை விட்டுக் கொண்டியைத் திறப்பான்" என்பா. கனடாவில் இருந்து வட்ஸ்அப்பில் சித்தப்பா வந்து "முதிரைக் கதவு பிள்ளை, அப்பிடி மரம் இப்ப எடுக்கேலாது" என்பார். கடைசியாக ஆராவது ஒராள், அனேகமாக ஒரு மாமா, இந்த வசனத்தைச் சொல்லுவார்: "உது வெள்ளைக்காரற்ற வேலை. எங்கட சனம் எந்தக் காலத்தில பூனைக்குக் கதவு வைச்சது?"

பாம்பும் கள்ளனும் நியாயமான பயங்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் மாமா.

எங்கட சனம் பூனைக்கு வழி வைச்சிருந்தது மாமா. அந்த வழிக்கு ஒரு பேரும் இருந்தது: பொட்டு. (யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்கு: இது நெற்றியில் வைக்கிற பொட்டு இல்லை. வேலியின் அடியில் நாய், பூனை, கோழி, சில நேரம் பக்கத்து வீட்டுப் பெடியனும் பூந்து போகிற ஓட்டைக்குப் பேர் பொட்டு. ஆட்கள் தாண்டிப் போகிற இடத்துக்குக் கண்டாயம் என்று வேறு பேர்.) கிடுகு வேலியோ பனையோலை வேலியோ, புதுசாக அடைக்கிறபோது பொட்டையும் சேர்த்து அடைப்பார்கள். இரண்டு கிழமையில் அது திரும்ப வந்துவிடும். பிறகு ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். இது சட்டம் போட்டு வந்த ஏற்பாடு இல்லை. மிருகத்துக்கும் வளவில் ஒரு பாதை இருக்கும் என்பதை ஆரும் பெரிய விசயமாக எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக் கதவில் ஓட்டை வெட்டவில்லை என்பது உண்மை. வெட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. நாற்சார் வீட்டின் நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. பூனை கூரையால் இறங்கி முற்றத்துக்கு வந்தது. குசினி வீட்டோடு ஒட்டாமல் தனியாக இருந்தது. புகை போகவேண்டும் என்று சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இடைவெளி விட்டிருந்தார்கள். மண்வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பூனை வரக்கூடாது என்று நினைத்தாலும் அதை மறிக்க வழி இருக்கவில்லை.

இப்ப பாருங்கள். ஆறடி மதில். கீழே தகரம் அடித்த கேற். யன்னலுக்குக் கிறில், கிறிலுக்குப் பின்னால் நுளம்பு வலை. மேலே சீலிங். குசினி வீட்டுக்குள் வந்துவிட்டது, பின்கதவு எப்போதும் சாத்தியபடி. இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. டெங்குக் காலத்தில் நுளம்பு வலையைக் குறைசொல்ல நான் விசரி இல்லை. கிறில் போட்டதற்கும் எங்கள் அம்மாமாருக்குக் காரணம் இருந்தது. 2011 இல் கிறீஸ் பூதக் கதைகள் ஊரெல்லாம் திரிந்தபோது நான் சின்னப் பிள்ளை, ஆனால் அந்த ஆவணி இரவுகளில் பெரியாட்கள் கதவை எத்தனை தரம் இழுத்துப் பார்த்தார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது. வீட்டை மூடினது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. வீட்டை மூடினபோது ஒரு சீவனுடைய பாதையையும் சேர்த்து மூடியிருக்கிறோம், அதைத் திருப்பிக் குடுக்கவில்லை என்கிறேன்.

வெள்ளைக்காரர் கதைக்கு வந்தால், அவர்களுக்கும் இது நேற்று வந்த பாசன் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் சோசர் எழுதின மில்லரின் கதையில், பூட்டிய அறைக்குள் என்ன நடக்குது என்று வேலைக்காரப் பெடியன் எட்டிப் பார்ப்பது கதவின் அடியில் பூனை பூருகிற ஓட்டையால்தான். ஆங்கிலம் படிக்கிற என்னுடைய அறைத்தோழி இதைச் சொன்னபோது நம்பவில்லை, புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். இங்கிலாந்தின் எக்ஸெற்றர் தேவாலயத்தில் பழைய மணிக்கூட்டுக்குக் கீழே உள்ள கதவில் ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. 1598 இல் ஆயருடைய பூனைக்காக வெட்டினது. தச்சருக்குக் குடுத்த கூலி எட்டுப் பென்ஸ் என்று தேவாலயக் கணக்கில் இருக்கிறது. அதுக்கும் நூறு வருசத்துக்கு முன்னமே அதே தேவாலயத்தின் கணக்குப் புத்தகத்தில் பூனைக்கென்று கிழமைக்கு ஒரு பென்ஸ் எழுதியிருக்கிறார்கள். எலி பிடிக்கிற பூனைக்குச் சாப்பாட்டுச் செலவு. நியூட்டன்தான் பூனைக் கதவைக் கண்டுபிடித்தார், தாய்க்குப் பெரிய ஓட்டையும் குட்டிக்குச் சின்ன ஓட்டையும் வெட்டினார் என்று பேஸ்புக்கில் வருகிற கதையை மட்டும் பகிராதேங்கோ. நியூட்டன் பிறந்ததே அந்தத் தேவாலயக் கதவை வெட்டி நாப்பது வருசத்துக்குப் பிறகு.

எனக்கு அந்தக் கணக்குப் புத்தகம்தான் முக்கியம். வேலை செய்கிற பூனைக்குச் சாப்பாட்டுக் காசும் எழுதினார்கள், பிறகு வாசலும் வெட்டினார்கள். எங்கள் வீடுகளில் என்ன நிலை?

இதைக் கவனித்திருக்கிறீர்களா? நாயைப் பற்றிக் கேட்டால் "நாங்கள் ஒண்டு வளர்க்கிறம்" என்பார்கள். பூனையைப் பற்றிக் கேட்டால் "ஓம், ஒண்டு நிக்குது" என்பார்கள். நிக்குது! பஸ் நிக்கிற மாதிரி. அஞ்சு வருசமாக அந்த வீட்டுச் சூடை மீன் தலையைத் தின்று, அந்த வீட்டு அரிசி மூட்டையைக் காவல் காத்து, அந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் படுத்தெழும்பின பூனை, ஆனால் அது "நிக்குது". எலி பிடித்தால் எங்கட பூனை. மீன் சட்டியில் வாய் வைத்தால் உந்தச் சனியன். குட்டி போட்டால் "அது எங்கட இல்லை, எங்கயோ இருந்து வந்து நிண்டது".

இந்த அரைகுறைச் சொந்தத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். பொட்டு வையுங்கோ என்று கேட்பதே அதுக்காகத்தான்.

இதன் விளைவு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். சாக்குக்குள் போட்டுக் கட்டின குட்டிகள். கண் திறந்தும் திறவாமலும். சந்தைக்குப் பின்னால், கோயில் தேர்முட்டியடியில், பள்ளிக்கூட மதிலுக்கு அங்கால, எங்கள் கம்பஸ் கன்ரீன் வாசலில். கன்ரீனில் மிச்சச் சோறு கிடைக்கும், பிள்ளைகள் பார்ப்பினம் என்று நினைத்துக் கொண்டுவந்து விடுகிறார்கள் போல. பார்க்கிறோம்தான். சோதனை முடிந்து லீவு விட்டால் கன்ரீனும் பூட்டு, பிள்ளைகளும் இல்லை. திரும்பி வரும்போது எத்தனை மிச்சம் என்று எண்ணுவது எங்களில் சில பேருக்கு ஒவ்வொரு செமஸ்ரரும் நடக்கிற வேலை.

அதிலும் விடப்படுபவை அனேகம் பெட்டைக் குட்டிகள். "கடுவன் ஒண்டை வைச்சிட்டு மற்றதுகளைக் கொண்டுபோய் விடு." ஏன்? பெட்டை எண்டால் பிறகு கரைச்சல், செலவு. இந்த வசனத்தை நாங்கள் வேறு இடங்களிலும் கேட்டுத்தான் வளர்ந்தோம், அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. (விடுதிக் கேற் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பதைப் பற்றியும் இங்கே எழுதவில்லை. அது வேற சண்டை.)

"சரி, கதவை வெட்டினால் குட்டி போடுறது நிண்டிடுமோ?" நல்ல கேள்வி. நிக்காது. பூனைக்கு நாலு, அஞ்சு மாதத்திலேயே சினைப்பட ஏலும். சினைக்காலம் ஒன்பது கிழமை அளவுதான். குட்டிகள் பால் மறக்க முன்னமே அடுத்த சினை பிடித்துவிடும், வருசத்தில் இரண்டு மூன்று ஈற்று வரும். இதை நிற்பாட்டுவது சத்திரசிகிச்சை ஒன்றுதான். ஆனால் வெளியில் "நிக்கிற" பூனையை எப்படி மிருக வைத்தியரிடம் கொண்டுபோவீர்கள்? முதல் நாள் இரவு சாப்பாடு குடுக்காமல் மறிச்சு வைக்கவேண்டும். செய்து கொண்டுவந்த பிறகு தையல் ஆறும்வரை பத்து நாள் அளவில் உள்ளுக்கு வைத்துப் பார்க்கவேண்டும். வீட்டுக்குள் ஒருநாளும் படுக்காத பூனையை அறையில் பூட்டினால் அது கத்துகிற கத்தில் பக்கத்து வீடும் நித்திரை கொள்ளாது. வழமையாக உள்ளே வந்து போகிற பூனை என்றால் இரவு அதன் சின்னக் கதவுக்குக் கொண்டியைப் போட்டால் சரி. சினைப்பட்டிருக்குதோ, காலில் காயமோ, இரண்டு நாளாகத் தின்னவில்லையோ என்பதும் கண்ணில் படும். தடுப்பூசியும் அப்படித்தான். விசர்நாய் நோய் நாய்க்கு மட்டும் வருகிறதில்லை, பூனைக்கும் வரும், பூனை கடித்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும். ஊசி போட்ட பூனை வீட்டில் இருப்பது உங்களுக்கும் காவல்.

கதவை வெட்டின வீட்டுக்காரர் பிறகு "அது எங்கட இல்லை" என்று சொல்ல ஏலாது. கதவைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது பிடிச்சிருக்கு.

அம்மம்மாவிடம் 1995 இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஒக்ரோபர் 30 பின்னேரம் அறிவிப்பு வந்தது, மழை, நாவற்குழிப் பாலம், நெரிசல், எல்லாவற்றையும் எங்கள் வீடுகளில் எல்லாரும் சொல்லுவார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அம்மம்மா சொன்னதில் ஒரு விசயம் வேறு. ஆட்டை அவிழ்த்துவிட்டா, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டா. முன்கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினா. குசினிக் கதவை மட்டும் பூட்டவில்லை, காற்றில் சாத்துப்படாமல் அம்மிக் குழவியை அண்டைகுடுத்து வைத்துவிட்டு வந்தா. தாத்தா பேசினாராம்: "வீட்டைத் திறந்து போட்டிட்டு வாறியே?" பூனை அடுப்படியில் படுக்கிறது, மழைக்கு அது எங்க போறது என்று சொன்னாவாம். 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, நிலையும் இல்லை. பூனை நிண்டதோ என்று கேட்டால் அம்மம்மா வேறு கதை தொடங்கிவிடுவா. நான் இரண்டு தரம் கேட்டேன், பிறகு கேட்கவில்லை.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின நேரத்திலும் பூனையின் வழியை யோசிக்க அந்த மனிசிக்கு ஏலுமாக இருந்தது. எங்களுக்கு ரைல்ஸ் அழுக்காகும்.

இனிப் பாம்பு. இதை நக்கலாகக் கடந்து போகமாட்டேன். இரவில் வீட்டுக்குள் வந்து பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கிற பாம்புகள் எங்கள் மண்ணில் உண்டு. ஆனால் உங்கள் குசினிக் கதவின் அடியில் இப்பவே எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பாருங்கள். இரண்டு விரல் போகும். தண்ணி வெளியே போகிற குழாயின் வாயில் வலை இருக்கிறதா? பூனைக் கதவு என்பது சும்மா திறந்து கிடக்கிற ஓட்டை இல்லை. நிலத்தில் இருந்து பத்துப் பதினைஞ்சு சென்ரிமீற்றர் உயரத்தில், தன் பாரத்தில் தானே வந்து மூடுகிற பலகை. கடையில் வாங்குவதில் காந்தமும் இருக்கும். இரவில் கொண்டி போட்டுவிட்டால் அது கதவின் ஒரு துண்டு, வேறொன்றும் இல்லை. பாம்பு வீட்டுக்கு வருவது எலியைத் தேடி என்பதையும் மறக்கவேண்டாம். எலியைக் குறைக்கிற சீவனை வெளியில் விட்டுப் பூட்டிக்கொண்டு பாம்புக்குப் பயப்படுவது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. மரநாய்க்கும் இதே பதில்தான்: பூனை போகிற அளவுக்கு மேல் வெட்டாதேங்கோ, இரவில் பூட்டுங்கோ.

கள்ளனுக்குப் பதில் இன்னும் சின்னது. ஓட்டையைப் பூட்டுக்கும் கொண்டிக்கும் கையெட்டாத தூரத்தில், பிணைச்சல் பக்கமாக வெட்டவேண்டும். கதவின் அடிக்கொண்டிக்குப் பக்கத்தில் வெட்டினால் அம்மா சொன்னது சரிதான்.

மூன்றாவது ஒரு எதிர்ப்பு வீட்டில் வராது, நண்பர்களிடம் இருந்து வரும். பூனையை வெளியே விடவே கூடாது, அது குருவிகளைக் கொல்லுது, அவுஸ்திரேலியாவில் சில இடங்களில் பூனையை வளவுக்குள் மறிச்சு வைக்கச் சட்டமே இருக்கு என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. எங்கள் வளவுப் புலுனிக் குஞ்சுகளைப் பூனை என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன், அழகான காட்சி இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே பூனை வளர்க்கிறவர்கள் மணல்தட்டும் பைக்கற் தீனும் வாங்கிக் குடுக்க வசதி உள்ளவர்கள். மாதச் சம்பளத்தில் அரிசிக்கும் காஸுக்கும் யோசிக்கிற வீட்டில் அது நடக்காது. பொழுதுபட உள்ளே எடுத்து விடியும்வரை கதவைப் பூட்டி வைத்தால் இரவு வேட்டை நிற்கும், றோட்டில் அடிபடுவதும் குறையும். ஊரில் செய்யக்கூடியது அது.

சட்டத்தை நம்பியிருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: எங்கள் நாட்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் எழுதப்பட்டது 1907 இல். அதில் எழுதின உச்ச அபராதம் நூறு ரூபா. அந்தக் காலத்தில் அது பெரிய காசு. இன்றைக்கு நூறு ரூபாவுக்கு என்ன வாங்கலாம் என்று கன்ரீனில் கேட்டுப் பாருங்கள்.

வேலைக்கு வருவம். முன்வாசல் முதிரைக் கதவை ஒருவரும் தொடச் சொல்லவில்லை, சித்தப்பா நித்திரை கொள்ளலாம். குசினிப் பின்கதவு போதும், அது அனேகமாகப் பிளைவூட் அல்லது சாதாரணப் பலகை. பூனையின் தலையும் தோளும் போனால் உடம்பு போகும்; பதினைஞ்சு சென்ரிமீற்றர் அகலம், அதைவிடக் கொஞ்சம் கூடின உயரம் எந்த ஊர்ப் பூனைக்கும் காணும். பூனை நேரே நிக்கும்போது வயிறு நிலத்தில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, ஓட்டையின் அடியை அந்த மட்டத்தில் வையுங்கள். சட்டம் போட்ட கதவென்றால் நடுப் பலகையில் வெட்டவேண்டும், சட்டத்தில் வெட்டினால் கதவு கோணிப்போகும். வெட்டி எடுத்த துண்டையே சுத்தவரச் சீவி, மேலே இரண்டு சின்னப் பிணைச்சல் போட்டுத் தொங்கவிடலாம். தச்சுவேலை தெரிந்த ஒராளுக்கு அரைநாள் வேலை. அலுமினியக் கதவில் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி என்றால் வெட்டவே ஏலாது, வெட்டினால் நொறுங்கும். கீழ்க் கண்ணாடியைக் கழற்றிப் பலகை போடவேண்டும்.

முதல் கிழமை பூனை அதைத் திரும்பியும் பார்க்காது. அதுக்கு மூடின கதவு மூடின கதவுதான், தள்ளினால் திறக்கும் என்று ஆரும் சொல்லிக் குடுக்கவில்லை. பலகையை நூலால் கட்டித் தூக்கி வைத்து, மறுபக்கம் கருவாட்டுத் துண்டு வையுங்கள். பழகினதும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பிடித்துத் தள்ளிப் பழக்காதேங்கோ, பிறகு அந்தப் பக்கமே வராது.

வாடகை வீட்டில், அறை எடுத்துப் படிக்கிறவர்கள் கதவில் கை வைக்க ஏலாது, வீட்டுக்கார அன்ரி விடமாட்டா. கிறில் போட்ட யன்னல் என்றால் கீழ் மூலையில் நுளம்பு வலையை மட்டும் எடுத்து, அந்த இடத்துக்கு அளவாக ஓட்டை வெட்டின பலகைத் துண்டு ஒன்றைக் கம்பியால் கட்டி, ஓட்டைக்கு மேலே பழைய ரியூப் இறப்பரைத் தொங்கவிட்டால் நுளம்பும் பெரிசாக வராது, போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். யன்னலுக்கு வெளியே ஏற ஒரு கல்லு வையுங்கள். வெட்டின விளிம்பை வடிவாகத் தேய்த்துவிடுங்கள், பூனையின் வயிறு அதில்தான் உரசும்.